ரெக்கார்டரில் ஹார்ட் டிஸ்க் கோளாறா? ஃபார்மட் அழுத்துவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கேமரா வைத்திருக்கும் பலருக்கும் ஒரு விஷயம் தெரிவதில்லை. டிவியிலோ ஃபோனிலோ நாம் பார்க்கும் நேரடிப் படம் ஹார்ட் டிஸ்க் வழியாக வருவதே இல்லை. கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கு (படங்களைப் பதிந்து வைக்கும் டிவிஆர் அல்லது என்விஆர் பெட்டிக்கு) வந்து, அங்கிருந்து நேராகத் திரைக்குப் போகிறது. டிஸ்க்குக்குப் போவது தனிக் கிளை. அதனால் டிஸ்க் செத்து மூன்று மாதம் ஆகியிருந்தாலும் நான்கு கட்டங்களிலும் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் நிறுத்திய வண்டியை யார் உரசிவிட்டுப் போனது என்று பார்க்க உட்காரும் அன்றைக்குத்தான் பிளேபேக் (பழைய பதிவை ஓட்டிப் பார்க்கும் பக்கம்) காலியாக இருப்பது தெரியவரும்.

தெரிந்தவுடன் பதற்றத்தில் இரண்டு காரியம் நடக்கும். "டிஸ்க் போச்சு" என்று புதிது வாங்கிவிடுவோம். இல்லையென்றால் மெனுவில் கண்ணில் பட்ட ஃபார்மட் பொத்தானை அழுத்திவிடுவோம். நான் முதல்முறை மாட்டிக்கொண்டபோது புது டிஸ்க் வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் அதுவும் மெனுவிலிருந்து காணாமல் போனது. கோளாறு சுவரில் சொருகியிருந்த அடாப்டரில் இருந்திருக்கிறது. "செத்துப்போன" பழைய டிஸ்க் இன்றைக்கும் என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது.

அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் போங்கள். செலவில்லாத வேலை முதலில், செய்தால் திரும்பப் பெற முடியாத வேலை கடைசியில்.

பழைய பதிவு வேண்டுமா, வேண்டாமா?

இதை முடிவு செய்யாமல் எதையும் தொடாதீர்கள். டிஸ்க்கில் உங்களுக்குத் தேவையான காட்சி இருக்கிறது, பிளேபேக்கும் ஓடுகிறது என்றால், முதல் வேலை அதை பென்டிரைவில் எடுத்து வைப்பது. பென்டிரைவை பெரும்பாலான ரெக்கார்டர்கள் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால்தான் ஏற்கும். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது என்பதால், நீளமான காட்சியை ஒவ்வொரு மணி நேரமாகப் பிரித்து எடுங்கள்.

பிளேபேக் ஓடவில்லை, ஆனால் காட்சி கட்டாயம் வேண்டும் என்றால், ரெக்கார்டரை அணைத்துவிடுங்கள். ஓட விட்டால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். தேய்ந்த டிஸ்க்காக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் இன்னும் கெடும். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும் ஆசை வரும். மாட்டலாம். ஆனால் விண்டோஸ் "இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்", "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும்போது கேன்சல் மட்டுமே அழுத்துங்கள். டிஸ்க் காலியாக இருப்பதால் அது அப்படிக் கேட்பதில்லை. பல ரெக்கார்டர்கள் பதிவை அடுக்கி வைக்கும் முறை விண்டோஸுக்குப் புரியாது, அவ்வளவுதான்.

ஏற்கெனவே கை தவறி ஃபார்மட் அழுத்திவிட்டீர்களா? உடனே மின்சாரத்தைப் பிடுங்குங்கள். ரெக்கார்டரின் ஃபார்மட் சில வினாடிகளில் முடிகிறது என்றால் அது அழித்தது எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணையை மட்டும்தான். படங்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் புதுப் பதிவு விழாதவரை, தரவு மீட்பவர்கள் எடுத்துத் தர வாய்ப்பு உண்டு. அவர்களிடம் போகும்போது ரெக்கார்டரின் மாடல் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தும் பதிவு இல்லாமல் போவது

ஒரு கேமராவின் பதிவு மட்டும் இல்லையா, எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் நின்றிருக்கிறதா? ஒன்று மட்டும் என்றால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். அந்தக் கேமராவையும், எந்த நாள் எந்த நேரம் பதிய வேண்டும் என்று மெனுவில் வைத்திருக்கும் அதன் பதிவு அட்டவணையையும் பாருங்கள். எல்லாம் ஒரே நிமிடத்தில் நின்றிருந்தால்தான் டிஸ்க்கின் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

அப்போதும் தேதியை ஒருமுறை பாருங்கள். ரெக்கார்டருக்குள் கடிகாரத்துக்கென்று ஒரு பட்டன் பேட்டரி உண்டு, பெரும்பாலும் சிஆர்2032. அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி 2000 மாதிரி ஏதாவது ஒரு பழைய ஆண்டுக்கு ஓடிவிடும். பதிவு நடக்கும்; ஆனால் நீங்கள் தேடும் தேதியில் இருக்காது. பிளேபேக் நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் எங்கோ ஒரு ஜனவரியில் உட்கார்ந்திருக்கும். பேட்டரியை மாற்றி, நேர மண்டலத்தைச் சரியாக வைத்து, இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும் என்டிபி வசதியையும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஓவர்ரைட், அதாவது டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதும் வசதி. இது அணைந்திருந்தால் டிஸ்க் நிறைந்ததும் பதிவு நின்றுவிடும், ரெக்கார்டர் "எச்டிடி ஃபுல்" (ஹார்ட் டிஸ்க் நிறைந்துவிட்டது) என்று பீப் அடிக்கும். அதைப் போட்டுவிட்டாலே போதும். பதிவு அட்டவணையில் வாரத்தின் ஏழு வரிசைகளும் நிறம் நிரம்பியிருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை பாருங்கள். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு என்று வைத்திருந்தால் நடுநடுவே வெற்றிடம் இருப்பது இயல்பு.

"முன்பெல்லாம் ஒரு மாதம் இருந்தது, இப்போது பத்து நாள்தான் இருக்கிறது" என்பது இன்னொரு புகார். இதற்குச் சின்னக் கணக்கு போதும். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்கு 10.8 ஜிபி ஆகும். 4 மெகாபிட் வேகத்தில் நான்கு கேமரா என்றால் நாளுக்கு 172.8 ஜிபி. 2 டிபி டிஸ்க் பதினொன்றரை நாளில் சுற்றிவரும். யாராவது படத்தின் தரத்தை ஏற்றிவைத்தால் நாட்கள் குறையத்தான் செய்யும். 2 டிபி டிஸ்க் மெனுவில் 1863 ஜிபி என்று காட்டுவதும் பழுது அல்ல. தயாரிப்பாளர் ஆயிரத்தால் எண்ணுகிறார், ரெக்கார்டர் 1024ஆல் எண்ணுகிறது.

மெனுவில் டிஸ்க்கின் நிலை

ஸ்டோரேஜ் அல்லது எச்டிடி என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே டிஸ்க் வரிசைக்கு எதிரே நிலை எழுதியிருக்கும். நார்மல் என்றால் ரெக்கார்டருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஸ்லீப்பிங் என்றால் தூங்குகிறது, தொட்டால் எழும். அப்நார்மல் அல்லது எரர் என்றால் டிஸ்க் இருப்பது தெரிகிறது, எழுதவோ படிக்கவோ முடியவில்லை. டிஸ்க் வரிசையே இல்லையென்றால் மின்சாரம், கேபிள், டிஸ்க், போர்டு (ரெக்கார்டருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை) நான்கில் ஏதோ ஒன்று.

ஏமாற்றுவது அன்இனிஷியலைஸ்டு (இன்னும் பயன்பாட்டுக்குத் தயார்செய்யப்படாதது) என்ற சொல்தான். புது டிஸ்க்கில் இது வருவது நியாயம். நேற்றுவரை ஓடிய டிஸ்க்கில் இன்று வந்தால், டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை ரெக்கார்டரால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். பக்கத்திலேயே "இனிஷியலைஸ்" பொத்தானும் இருக்கும், அழுத்தச் சொல்லி அழைக்கும். அழுத்தாதீர்கள். முதலில் மின்சாரம், அப்புறம் கேபிள்.

மின்சாரம்: பாதிக் கோளாறு இங்கேதான்

ரெக்கார்டரில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் வேண்டும். டிஸ்க்குக்குள் பதிவைத் தாங்கும் தட்டுகள் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில வினாடிகளில் 12 வோல்ட் பக்கம் 2 ஆம்பியர் அளவுக்குக் கூட இழுக்கும். வேகம் பிடித்த பிறகு அரை ஆம்பியர் போதும். சின்ன ரெக்கார்டர்களோடு வருவது பெரும்பாலும் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர். புதிதாக இருக்கும்போதே அது மட்டுமட்டு. இரண்டு மூன்று ஆண்டு இரவும் பகலும் சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் வற்றும். லேபிளில் 2 ஆம்பியர் என்றுதான் இருக்கும். சுமை ஏறியதும் வோல்ட் சரியும்.

அடையாளம் இப்படி: டிஸ்க் சுழலத் தொடங்கும் சத்தம், ஒரு "டிக்", அடங்குதல், மறுபடி சுழற்சி. அல்லது ரெக்கார்டர் தானாகவே மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும். இன்னொன்று கொஞ்சம் வேடிக்கையானது: பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும் டிஸ்க் பொழுது சாய்ந்ததும் காணாமல் போகும். இருட்டியதும் கேமராக்களில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் ஒரே மின்மூலம் என்றால் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பும் பிஓஇ என்விஆர்களில் அப்படித்தான், அடாப்டரிலிருந்தே கிளை பிரித்துக் கேமராவுக்கு இழுத்திருந்தாலும் அப்படித்தான்) கூடுதல் சுமையில் முதலில் தடுமாறுவது டிஸ்க். கோளாறு எந்த நேரத்தில் வருகிறது என்று மூன்று நாள் குறித்து வையுங்கள். மாலையிலேயே வருகிறது என்றால் விடை கிடைத்த மாதிரிதான்.

சோதிக்க எளிய வழி வேறு அடாப்டர் போட்டுப் பார்ப்பது. வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். பின்னின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸா என்று இரண்டு லேபிளிலும் வரைந்திருக்கும் சின்னப் படத்தை ஒப்பிடுங்கள். இங்கே அவசரம் கூடாது. பிஓஇ ரெக்கார்டர்களுக்கு 48 வோல்ட் அடாப்டர் வரும். அதைக் கொண்டுபோய் 12 வோல்ட் ரெக்கார்டரில் சொருகினால் டிஸ்க்கோடு போர்டும் போய்விடும்.

மல்ட்டிமீட்டர் இருந்தால் அளக்கலாம், ஆனால் அடாப்டரைக் கழற்றித் தனியாக அளப்பதில் பயனில்லை. சுமை இல்லாதபோது சாகப்போகும் அடாப்டரும் 12 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். ரெக்கார்டர் ஓடும்போது, அதிலும் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில், 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடாப்டரை மாற்றுங்கள்.

மின்சாரம் அடிக்கடி போய்வரும் இடமாக இருந்தால் சின்ன யுபிஎஸ் ஒன்று நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் பிடுங்கப்படுவது எந்த டிஸ்க்குக்கும் ஒத்துவராது. நீங்களாக அணைக்கும்போதும் மெனுவில் ஷட்டவுன் கொடுத்துவிட்டு அணையுங்கள்.

மூடியைத் திறந்து கேபிளைப் பார்ப்பது

ரெக்கார்டரை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, ஒரு நிமிடம் காத்திருங்கள். சுழலும் டிஸ்க்கைத் தூக்குவதுபோல் கெடுதல் வேறில்லை. கையில் நிலைமின்சாரம் இருக்கலாம், ரெக்கார்டரின் உலோக உடம்பை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளே டிஸ்க்குக்கு இரண்டு கேபிள் போகும். குறுகியது தரவுக்கு, 7 பின். அகலமானது மின்சாரத்துக்கு, 15 பின். இரண்டையும் இரண்டு முனையிலும் கழற்றி, தூசி இருந்தால் ஊதிவிட்டு, அழுத்தமாகச் சொருகுங்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறிப் பிடிமானம் தளர்ந்துபோவது சகஜம். இது ஒன்றிலேயே சரியாகிவிடும் பெட்டிகள் நிறைய. தரவுக் கேபிளுக்கு மாற்று கையில் இருந்தால் போட்டுப் பாருங்கள், சாதாரண சாட்டா கேபிள்தான். போர்டில் இரண்டாவது சாட்டா துளை இருந்தால் அதிலும் முயலலாம். டிஸ்க்கைப் பிடிக்கும் நான்கு திருகுகளும் இறுக்கமாக இருக்கட்டும். ஆனால் கண்ட திருகைப் போடாதீர்கள், நீளமானது டிஸ்க்கின் உடம்பைக் குத்திவிடும்.

சத்தம் கேட்பது

மூடி திறந்திருக்கும்போதே ஓட விட்டுக் காது கொடுங்கள் (போர்டைக் கையால் தொடாமல்). சீரான முனகல் நல்லது. தொடக்கத்தில் ஓரிரு டிக் சத்தமும் இயல்பு. கடிகாரம்போல் விடாமல் டிக்... டிக்... என்று வந்தால், படிக்கும் முனை தன் தடத்தைத் தேடித் தவிக்கிறது. நல்ல அடாப்டரிலும் இந்தச் சத்தம் மாறவில்லையென்றால் டிஸ்க் முடிந்தது. டிஸ்க்குக்குள்ளிருந்தே மெல்லிய பீப் வந்தால் மோட்டார் சுழல முடியாமல் திணறுகிறது. தட்டிப் பார்ப்பது, ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது எல்லாம் வேண்டாம். மீட்கக்கூடிய நிலையில் இருப்பதையும் அது கெடுத்துவிடும்.

ரெக்கார்டரின் சொந்த பீப் வேறு, அது உரக்க, ஒழுங்கான இடைவெளியில் வரும். காது வலிக்கிறது என்று அதை மெனுவில் அணைத்துவிடும் வீடுகள் பல. அந்தப் பெட்டிக்கு இருக்கும் ஒரே வாய் அதுதான். எரிச்சலாக இருந்தாலும் விட்டுவையுங்கள்.

ஸ்மார்ட் எண்கள்

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் குறிப்பேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். பல ரெக்கார்டர்களில் பராமரிப்புப் பக்கத்தில் இது உண்டு. இல்லையென்றால் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஸ்மார்ட்சிடிஎல் போன்ற மென்பொருளில் பார்க்கலாம். யுஎஸ்பி வழியாக மாட்டுவதானால் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ள டாக் (டிஸ்க்கைச் சொருகும் வெளிப்பெட்டி) வேண்டும். வெறும் யுஎஸ்பி கேபிளின் மின்சாரத்தில் 3.5 அங்குல டிஸ்க் சுழலாது.

வரிசையாக இருபது முப்பது எண்கள் வரும். மிரள வேண்டாம், "ரா வேல்யூ" என்ற கட்டத்தில் சிலவற்றைப் பார்த்தால் போதும். 5 என்ற அடையாள எண் உள்ள வரிசை, கெட்டுப்போனதால் ஒதுக்கி, மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197 (சில திரைகளில் சி5) படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198 (சி6) திருத்தவே முடியாதவை. இந்த மூன்றும் சுழியமாக இருப்பது நல்லது. சின்ன எண்ணாக வந்து மாதக்கணக்கில் அப்படியே நின்றால் கண்காணித்தால் போதும். இந்த வாரம் 8, அடுத்த வாரம் 40 என்று ஏறினால் புது டிஸ்க்குக்கு ஏற்பாடு செய்யுங்கள். மேலே பெரிய எழுத்தில் "பாஸ்டு" (தேறியது) என்று போட்டிருப்பதை நம்பி உட்காராதீர்கள். எத்தனையோ டிஸ்க்குகள் பாஸ்டு வாங்கிய கையோடு செத்திருக்கின்றன.

199 (சி7) வேறு சாதி. அது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையே தரவு சிதைந்துபோன தடவைகளைச் சொல்கிறது. பெரும்பாலும் கேபிள் குற்றம். இந்த எண் எப்போதும் குறையாது; கேபிளை மாற்றிய பிறகு மேலும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. 194 வெப்பநிலை. 50 டிகிரிக்கு மேல் நிலையாக நின்றால் ரெக்கார்டரை மூடிய அலமாரியிலிருந்தோ வேறு சூடான பெட்டியின் தலையிலிருந்தோ இறக்கிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இன்னும் ஐயம் இருந்தால் இடம் மாற்றிப் பார்ப்பதுதான் தீர்ப்பு. சந்தேக டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க் தயாரிப்பாளரின் சோதனை மென்பொருளில் நீண்ட படிப்புச் சோதனை ஓட்டுங்கள். 4 டிபி டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், இரவில் விட்டுவிடலாம். எழுதிப் பார்க்கும் சோதனை எல்லாவற்றையும் அழிக்கும், அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே நேரம் ரெக்கார்டரில், அழிந்தால் பரவாயில்லை என்ற ஒரு பழைய டிஸ்க்கைப் போட்டு ஓட்டுங்கள். அதுவும் காணாமல் போனால் ரெக்கார்டர் போர்டுதான் குற்றவாளி. டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை.

இப்போது ஃபார்மட்

எல்லாம் சரி, பழைய பதிவும் வேண்டாம் என்ற நிலையில் ஃபார்மட் செய்யலாம். மின்வெட்டில் அட்டவணை மட்டும் குழம்பிப்போன டிஸ்க் இதில் பிழைத்துக்கொள்ளும். ஒருநாள் முழுக்கப் பதிய விட்டு, வெவ்வேறு நேரங்களில் பிளேபேக் பாருங்கள். ஒரு வாரத்தில் மறுபடி அப்நார்மல் வந்தால் மறுபடி ஃபார்மட் செய்து நாளைக் கடத்தாதீர்கள். தேய்ந்த தட்டு ஃபார்மட்டில் வளராது.

புது டிஸ்க் வாங்கும்போது

வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக், தோஷிபா எஸ்300 போன்றவை கண்காணிப்புக்கென்றே வருபவை. மேலே போட்ட கணக்கை ஆண்டுக்கு நீட்டினால் காரணம் புரியும்: நாளுக்கு 172.8 ஜிபி என்றால் ஆண்டுக்குச் சுமார் 63 டிபி. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகள் பலவற்றுக்கு ஆண்டு வேலையளவு (ஓராண்டில் எழுதிப் படிக்கத் தாங்கும் அளவு) 55 டிபி என்றே குறிப்பிடப்படுகிறது. பர்ப்பிளுக்கும் ஸ்கைஹாக்குக்கும் அது 180 டிபி. இன்னொரு வேறுபாடும் உண்டு. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தில் முட்டினால் பல வினாடிகள் திரும்பத் திரும்ப முயலும். கண்காணிப்பு டிஸ்க் சட்டென்று விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகும். நமக்கு ஒரு துண்டுப் படம் போனால் பரவாயில்லை, பதிவு நிற்கக் கூடாது.

உங்கள் ரெக்கார்டர் எத்தனை டிபி வரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய பெட்டிகளில் 2 டிபியோடு நின்றுவிடுபவை உண்டு. டிஸ்க் வந்ததும் ஸ்மார்ட்டில் 9ஆம் எண்ணைப் பாருங்கள், அது ஓடிய மணிநேரம். ஓர் ஆண்டு ஓய்வின்றி ஓடிய டிஸ்க்கில் 8760 இருக்கும். "புதியது" என்று வந்ததில் ஆயிரக்கணக்கில் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். பழைய டிஸ்க்கை யாருக்காவது கொடுப்பதானால் முழுமையாக அழித்துவிட்டுக் கொடுங்கள். யார் எப்போது வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மாட்டிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி ரெக்கார்டர் மேல் ஒட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஃபோனில் நினைவூட்டல் வைத்து மூன்று இடத்தில் பிளேபேக் பாருங்கள்: நேற்றுப் பகல், நேற்று நள்ளிரவு இரண்டு மணி, இருப்பதிலேயே பழைய நாள். படத்தின் தரத்தை யாரும் மாற்றாமலேயே அந்தப் பழைய நாள் போன மாதத்தைவிடக் கிட்டே வந்திருந்தால், ஸ்மார்ட் பக்கத்தை அன்றைக்கே திறந்துவிடுங்கள்.